அறுபத்தொரு மெகா

தொட்டிக்காட்டுப் புதூரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் லைன் வீதியில், போன சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, துளசிமணியின் மேசைமேல் இருந்த மீட்டர் ஒருத்தரையொருத்தர் தொடாத இரண்டு மனிதர்களைப் பார்த்து 'கீ' என்று கத்தியது. அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த வீதியில் யாரும் யாரையும் பார்த்து 'நீ எனக்கு யாரு' என்று கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால் நேராக மீட்டருக்கு வந்துவிட்டார்கள்.

மீட்டர் என்றால் கரண்டு ஆபீசுக்காரர்கள் சுவரில் மாட்டுகிற மீட்டர் இல்லை, எலக்ட்ரீசியன் பையில் போட்டுக்கொண்டு போகிற மஞ்சள் மீட்டரும் இல்லை. இது மேசையிலேயே குந்திக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற ரகம். மூடிப்போன ஒரு மில்லின் சோதனைக்கூடத்திலிருந்து ஏலத்தில் வந்தது. நாலு கிலோ கனம், சாம்பல் நிறப் பெட்டி, தூக்குவதற்கு ஒரு கைப்பிடி, அந்தக் கைப்பிடியையே கீழே மடக்கிவிட்டால் முட்டுக்கொடுத்து முகத்தை நிமிர்த்திக்கொள்ளும். பச்சையும் நீலமும் கலந்து எரிகிற எண்கள் ஏழு. அதில் முதல் எண்ணுக்குப் பூஜ்யமும் ஒன்றும் தவிர வேறெதுவும் வராது, அதனால் விவரம் தெரிந்தவர்கள் அதை ஏழு என்று சொல்லாமல் ஆறரை என்பார்கள். கடைசி எண் ஒருக்காலும் ஒரு இடத்தில் நிற்காது. உள்ளே ஏதோ ஒன்று டிக் டிக்கென்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். முனைகளை எதிலும் மாட்டாமல் சும்மா தொங்கவிட்டாலும் காலி என்று ஒத்துக்கொள்ளாது, காற்றில் எதையோ மோப்பம் பிடித்து எண்களை அலையவிடும். குளிர்ந்து கிடந்தால் பொய் சொல்லும். சுவிட்ச் போட்டு முழுசாக அரை மணி நேரம் சூடானால்தான் அதன் வாயில் உண்மை வரும்.

அதில் ஒரு பட்டன் உண்டு. நெய் வாங்கப் போனால் கடைக்காரர் வெறும் தூக்குப்போசியைத் தராசில் வைத்து, ஒரு பட்டனைத் தட்டிப் பூஜ்யம் பண்ணிக்கொண்டு, அப்புறம்தானே நெய்யை ஊற்றுவார்? அதே சங்கதிதான். ஒயருக்கென்று இருக்கிற தடையைக் கழித்துக்கொள்ள, சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் ஒன்றோடொன்று தொடவைத்து அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த இடம்தான் பூஜ்யம். அதற்கப்புறம் மீட்டர் என்ன சொன்னாலும் அந்தப் பூஜ்யத்திலிருந்து எண்ணித்தான் சொல்லும். நடுவில் தடையே இல்லை, முனைகள் சேர்ந்துவிட்டன என்று பட்டால் 'கீ' என்று கத்தும். பட்டன் விழுந்திருக்கிறது என்று காட்டுவதற்கு மூலையில் ஒரு சின்ன எழுத்து எரிய வேண்டும், ஆனால் அது ஏலத்தில் எடுக்கும்போதே செத்திருந்தது. அந்தச் செத்த எழுத்துதான் இத்தனைக்கும் காரணம் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய்தான்.

துளசிமணியும் அவள் புருசன் அங்கமுத்துவும் அந்த ஷெட்டில் இருபது வருசமாகக் கம்பி சுற்றி மோட்டார் காயில் கட்டுகிறார்கள். அவர் கட்டுவார், இவள் சோதிப்பாள். ஆறு வருசத்துக்கு முன்னால் அவர் கட்டி, இவள் சோதித்து, அட்டைச்சீட்டில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பின ஒரு மோட்டாரைக் கிணற்றுமேட்டில் மாட்டப் போனான் அங்கமுத்துவின் தம்பி ரத்தினம். ஈர மண்ணில் நின்றுகொண்டு மோட்டாரின் உடம்பில் கை வைத்தான், வைத்த கையை எடுக்கவில்லை. கட்டினதில் பிசகா, சோதித்ததில் பிசகா என்று யாருக்கும் தெரியவில்லை, காயில் கரிக்கட்டையாகியிருந்தது. 'உன்னாலதான்' என்று ரெண்டு பேரில் ஒருத்தர் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை வந்திருந்தால் அழுது தீர்ந்திருக்கும். ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லாமலே நாள் போய், நாள் போனதால் மற்றதையும் சொல்ல முடியாமல் போய், கடைசியில் ஒரே ஷெட்டில் ஒரே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கொண்டு, வேலைச் சங்கதியை மட்டும் அட்டைச்சீட்டில் எழுதி, காயில் உட்காருகிற இரும்புக்கூடான ஸ்டேட்டரின் கழுத்தில் நூல்போட்டுக் கட்டி அனுப்பிக்கொண்டார்கள். 'வார்னிஷ் தீர்ந்தது.' 'மூன்றாம் ஸ்லாட் பார்க்கவும்.' 'சாப்பாடு வைத்திருக்கிறது.' அவ்வளவுதான் குடித்தனம். ரத்தினம் செத்த நாளிலிருந்து துளசிமணி அந்த மீட்டரை அணைக்கவே இல்லை. கரண்டு போனாலும் நிற்காமலிருக்க ஒரு பேட்டரி வாங்கிப் போட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, காயில் பார்க்கிற நாலு ஒயர் கிளிப்பில் ஒன்று ஒடிந்துபோனது. சரி, ரெண்டு ஒயரிலேயே பார்ப்போம் என்று சிவப்பையும் கறுப்பையும் எடுத்தாள். ஒரு கையில் ஸ்டேட்டர் கனம், அதனால் சிவப்பு முனையை அங்கமுத்துவின் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்டேட்டரைக் கீழே இறக்கிவிட்டுக் கறுப்பை இவள் பிடித்தாள். ரெண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பட்டனைத் தட்டினாள். வேறு எந்த ஷெட்டாக இருந்தாலும் முனை தொடுகிறதா என்று ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்திருப்பார்கள். இவர்கள் ஆறு வருசமாக ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்காமல் இருந்து பழகினவர்கள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், இவள் எண்ணைப் பார்த்தாள். எண் பூஜ்யமானது, மீட்டர் கீ என்றது. சரி, தொட்டாச்சு என்று நினைத்துக்கொண்டாள். அதே நேரம் கூரியர்காரன் புதுக் கிளிப்போடு வந்து நின்றான். அவள் ரெண்டு ஒயரை அப்படியே மேசையில் போட்டுவிட்டு நாலு ஒயருக்கு மாறிக்கொண்டாள். இந்த மீட்டருக்கு ரெண்டு ஒயர் வேலைக்கு ஒரு ஞாபகம், நாலு ஒயர் வேலைக்கு ஒரு ஞாபகம், ஒன்றில் வைத்த பூஜ்யம் இன்னொன்றுக்குத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம்தான் பக்கத்து லேத்துப்பட்டறைக் கிட்டுசாமி, சாக்கடை சங்கதியாகத் தன் அண்ணன் திருமூர்த்தியைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தான். பின்னாலேயே திருமூர்த்தியும் வந்தான். ரெண்டு வருசமாகப் பட்டறைக்கு நடுவில் சுவர் வைத்துப் பிரிந்திருந்தவர்கள். துளசிமணி மீட்டரைக் காலையில் விட்ட ரெண்டு ஒயருக்கு மாற்றிவிட்டு எதையோ தேடப் போயிருந்தாள். பேச்சு வேகத்தில் கிட்டுசாமி மேசையிலிருந்த சிவப்பு முனையை எடுத்து ஆட்டினான், அண்ணன்காரன் கறுப்பு முனையை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினான். ரெண்டு பேருக்கும் நடுவில் அஞ்சடி. மீட்டர் கீ என்று கத்தியது.

"என்றா இது, சும்மா கத்துது?" என்றான் திருமூர்த்தி.

முனையைக் கீழே வைத்தார்கள், நின்றது. எடுத்தார்கள், கத்தியது. கிட்டுசாமி வாசல்வரைக்கும் போனான், அப்போதும் கத்தியது. திருமூர்த்தி அப்படியே நின்றான். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "நமக்குள்ள இன்னும் ஒட்டு இருக்குதுடா கிட்டு," என்றான். சாயங்காலம் கடப்பாறை எடுத்துவந்து ரெண்டு பேரும் சேர்ந்து சுவரை இடித்தார்கள்.

வீதி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், டீக்கடையில் புதுசாகப் பன் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். ரெண்டு நாள் வாயைப் பிளந்தது, மூன்றாம் நாள் வரிசையில் நின்றது. செவ்வாயும் வெள்ளியும் மூணு மணிக்கு மேல் என்று நேரம் வைத்தார்கள். பெண் பார்க்கப் போனால் 'ஜாதகம் பாத்தாச்சுங்களா' என்பதோடு 'மீட்டர் பாத்தாச்சுங்களா' என்பதும் சேர்ந்துகொண்டது. கோபித்துக்கொண்டு போன மருமகள்கள் ஒரு முனையைப் பிடித்தார்கள், கூப்பிட வந்த மாமியார்கள் மறுமுனையைப் பிடித்தார்கள். கத்தியது. காலேஜில் பாடம் நடத்துகிற ஒருத்தர் வந்து, இது ஈரப்பதம், காற்றில் இருக்கிற மின்சாரம் என்று கரும்பலகை இல்லாமலேயே ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு விழுகிறதே என்று யாரோ கேட்டதற்கு, "லீடு ரெண்டையும் மாத்திச் சொருகியிருப்பீங்க, அதான் மைனஸ் காட்டுது, ஒண்ணும் பண்ணாது" என்றும் அவரே சொன்னார். வீதிக்கு அது போதும். முனைகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்க வந்தவர்களோடு மட்டும் துளசிமணி சண்டைக்குப் போனாள். "பிசுக்கு ஏறுச்சுன்னா அளவு போயிருமுங்க, சாமி கும்புடறதுக்கு ஊர்ல வேற எடமா இல்லை?" என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஆனால் ஆட்கள் முனையைப் பிடிக்கும்போது அவள் எண்ணைப் பார்க்க மாட்டாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். 'நீயும் உம்பட ஊட்டுக்காரரும் எப்பப் பாக்கறீங்க' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். கேட்கத்தான் செய்தார்கள். அவள் கத்தரிக்கோலைத் தேடுகிறமாதிரி குனிந்துகொண்டாள்.

ஆடி மாதம் பூவாத்தா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காயில் இரும்பைத் தொடாமலிருக்க ஸ்லாட் பள்ளத்தில் சொருகுகிற லெதராய்டு பேப்பரை ஷெட்டில் வெட்டிக்கொடுக்கிற பெண்பிள்ளை, அறுபது வயசு. புருசன் மாரண்ணன் செத்து மூணு வருசமாகிறது. அவர் உட்கார்ந்து பீடி குடித்த ஸ்டூல் அது, வீட்டில் வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டாள்.

"கண்ணு, வையுறியா?" என்றாள்.

"அக்கா, அதெல்லாம் வேண்டாமுங்க."

"வெச்சுத்தான் பாரேன். கத்துலீன்னா ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிர்றேன். என்ன போச்சு?"

பூவாத்தா சிவப்பைப் பிடித்தாள். கறுப்பு முனையை ஸ்டூலின் மேல் வைத்தார்கள். வெறும் மரம், மரத்தில் ஏது கரண்டு? மீட்டர் கீ என்றது. பூவாத்தா எண்ணைப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரிந்த எண்தான் அதில் இருந்தது, முன்னால் கோடு போட்ட ஒரு ஒன்று. அவள் முந்தானையால் ஸ்டூலைத் துடைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவள்மாதிரி கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் செருப்பு வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, பல்செட்டு வந்தது, ஒருத்தர் டிவிஎஸ் வண்டியையே உருட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் கத்தியது. ஐப்பசிக்குள் டீக்கடைக்காரர் ஒரு ஆளுக்கு ரெண்டு கிளாஸ் வைக்கப் பழகிவிட்டார், ரெண்டாவது கிளாஸில் டீ ஆறி, ஆறினதற்கப்புறம் ஒரு விரற்கடை குறைந்திருக்கும், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு 'ஆள் இருக்குதுங்க' என்றார்கள். வீதியில் நடக்கிறவர்கள் நட்டநடுப் பகலில் ஓரமாக, சுவரை ஒட்டினமாதிரி நடந்தார்கள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத நெரிசல். நாய்கள் நடுவீதியில் படுப்பதை விட்டுவிட்டன. துளசிமணி ஜன்னலைத் திறந்தால், ஆளே இல்லாத வீதியில் வார்னிஷ் வாடையோடு பீடி வாடையும் வந்தது. பயமாக இருந்தது அவளுக்கு, வாயைத் திறந்து சொல்லத்தான் ஆளில்லை.

மார்கழி பிறந்ததும் அங்கமுத்து கட்டின ஒரு ஸ்டேட்டரின் கழுத்தில் சீட்டு வந்தது. 'தை ஒன்று முதல் உடுமலை போகிறேன். அக்கா மகன் பட்டறையில் ஆள் வேண்டுமாம். இந்த ஷெட்டு உனக்கு.' காயில் எத்தனை சுற்று என்று எழுதுகிற அதே எழுத்தில் எழுதியிருந்தார். துளசிமணி அதை நாலு தடவை படித்தாள். பேசாத மனுசனாக இருந்தாலும் எதிரில் இருக்கிறார் என்பதுதான் அவளுக்கு இந்த ஆறு வருசமும் ஆதாரம், அதுவும் போகிறதென்றால் அப்புறம் என்ன இருக்கிறது? பதில் எழுதப் பேனாவை எடுத்தாள். 'சரி' என்று எழுதினாள். எழுதிவிட்டு, வார்னிஷ் அறையில் போய் நின்றுகொண்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வரிசையெல்லாம் போனதற்கப்புறம், அங்கமுத்து எழுந்துவந்து சட்டைப்பையிலிருந்து ஒரு டெஸ்டரை எடுத்து மேசையில் வைத்தார். ரத்தினத்தின் டெஸ்டர். செத்த அன்றைக்கு அவன் பையில் இருந்தது. அவரே சிவப்பைப் பிடித்துக்கொண்டார், கறுப்பை டெஸ்டரின் மேல் வைத்தார். போவதற்கு முன்னால் தம்பியிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மீட்டர் கீ என்றது. ரத்தினம் அவளை 'அண்ணி அண்ணி' என்று வளைய வந்த பிள்ளை, அவனுக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக எண்ணைப் பார்த்தாள். முன்னால் கோடு, அப்புறம் மூன்று. மைனஸ் மூணு மெகா, அதாவது மைனஸ் முப்பது லட்சம் ஓம் தடை.

வோல்ட்டுக்கு மைனஸ் வரும், ஒயரை மாற்றிப் போட்டால் வரும். தடைக்கு ஏது மைனஸ்? ஒன்றுமேயில்லை என்பதற்குக் கீழே இன்னும் ஒன்றுமேயில்லாமல் இருக்க முடியுமா? அப்படிக் காட்ட ஒரே வழிதான் உண்டு, யாரோ பூஜ்யத்தைத் தப்பான இடத்தில் வைத்திருக்க வேண்டும். யாரோ என்ன யாரோ, இந்த மீட்டரில் அவளைத் தவிர வேறு யார் கை வைத்தது? கிளிப் ஒடிந்த செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. தொடாத ரெண்டு முனை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த புருசன், பட்டனில் அவள் விரல். தனக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததைத்தான் இந்த வீதியே எட்டு மாதமாகப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அளந்திருக்கிறது. அதைவிடக் குறைவாக இருந்தால் போதும், கத்தியிருக்கிறது. அண்ணன் தம்பிக்குக் குறைவு, மாமியார் மருமகளுக்குக் குறைவு. செத்தவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் இருப்பதுகூட அதைவிடக் குறைவு.

அங்கமுத்து டெஸ்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் சேரில் உட்கார்ந்தவள் பூவாத்தா வந்து தோளைத் தொடுகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது, பூவாத்தாவிடம் சொன்னாள். தராசில் நெய்ப்போசி வைக்கிற கதையைச் சொல்லித்தான் புரியவைத்தாள். பூவாத்தா கெட்டிக்காரி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம்பட ஊட்டுக்காரரு வந்து கெடக்கறது, உங்க ரெண்டு பேருக்கும் நடுவால இருக்கற எடத்துலீங்களா?"

"அப்படித்தானுங்கக்கா."

"எல்லாரோட ஆளுகளுமா?"

"ஆமாங்க."

பூவாத்தா லெதராய்டு பேப்பரை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நீங்க பேசிக்கிட்டா?"

"அந்த எடம் சுருங்கிப்போயிருமுங்கக்கா."

"பேசிறாத கண்ணு," என்றாள் பூவாத்தா. "எனக்குக் கேக்கறதுக்கே வெக்கமா இருக்குது. ஆறு வருசம் இருந்துட்டீங்க. இனிமேலும் இருந்துக்குங்க. உனக்குப் புண்ணியமாப் போவுது. அவரு நெம்ப சந்தோசமா இருக்கறாரு, தெனமும் காத்தால எந்திரிச்சா ஸ்டூலு ஜன்னல்கிட்ட நகந்து கெடக்குது."

இப்படி ஒரு வரம் கேட்டால் என்னதான் சொல்லுவது? பேசாமல் இருப்பது துளசிமணிக்குப் புதுசில்லை, ஆனால் பேசக்கூடாது என்று ஒருத்தர் சொன்னதற்கப்புறம் அவரிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று வந்தது. அவர் காயில் சுற்றுகிற மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டார். தன் இடுக்கியையும் சுத்தியலையும் தனியாக ஒரு சாக்கில் கட்டினார். அவள் சாப்பாடு வைத்து, சீட்டு எழுதி வைத்தாள். ஒரு நாள் 'போகவேண்டாம்' என்று எழுதி, அதைக் கிழித்து வார்னிஷ் டப்பாவில் போட்டாள். வெளியில் நெரிசல் கூடிக்கொண்டே போனது, ஷெட்டின் வாசற்படியில்கூட யாரோ உட்கார்ந்திருக்கிறமாதிரி தாண்டித் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

மார்கழிக் கடைசி வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு வழக்கம்போல வரிசை. பூவாத்தா முன்னாலேயே ஸ்டூலோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கமுத்துவின் சாக்கு மூட்டை மெஷினுக்குக் கீழே தயாராக இருந்தது. துளசிமணி மேசைக்கு வந்தாள். இருபது வருசமாக அளந்து பிழைக்கிறவள் அவள், ஒரே ஒரு அளவையாவது சரியாக எடுத்துவிட்டுத்தான் அவரை அனுப்புவது என்று முடிவு கட்டியிருந்தாள். கையை நீட்டி மீட்டரை அணைத்தாள்.

எண்கள் போயின, அவற்றோடு தப்பாக வைத்த பூஜ்யமும் போனது. டிக் டிக் நின்றது. ஆறு வருசமாகக் கேட்டுக் கேட்டுக் கேட்காமலே போயிருந்த சத்தம், நின்றதும்தான் எல்லாருக்கும் கேட்டது. "ஐயையோ, என்னக்கா பண்ணுனீங்க!" என்றான் கிட்டுசாமி. அங்கமுத்து காயிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் பத்து எண்ணினாள், மறுபடி சுவிட்சைப் போட்டாள். எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எட்டு எட்டாக எரிந்து அணைந்து, அப்புறம் அலைய ஆரம்பித்தன.

"சூடாகோணும். அரை மணி நேரம் ஆகும். யாரும் ஒண்ணும் பேசாதீங்க," என்றாள்.

அந்த அரை மணி நேரத்தை அந்த வீதியில் இன்றைக்கும் சொல்லுவார்கள். வாசலில் நின்றது பத்துப் பேர், மூச்சுச் சத்தம் முப்பது பேருக்குக் கேட்டது. வெயில் இருந்தும் ஷெட்டுக்குள் ஈரத்தரையில் நிற்கிறமாதிரி கால் குளிர்ந்தது. யாரோ எட்டிப் பார்க்க ஒதுங்கி வழி விட்டார்கள், வழியில் யாரும் வரவில்லை. மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது துளசிமணிக்கு முதுகில் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், ஒரு நிமிசம்கூடக் குறைக்கவில்லை.

அரை மணி ஆனதும் ஒரு அட்டைச்சீட்டில் எழுதி அவர் பக்கம் தள்ளினாள். 'சிவப்பு பிடிக்கவும்.' அங்கமுத்து படித்தார். எழுந்துவந்து பிடித்துக்கொண்டார். அவள் கறுப்பைப் பிடித்தாள். மீட்டர் கத்தவில்லை. 61.3 மெகா என்று காட்டி நின்றது, கடைசி எண் மட்டும் ஆடியது. எட்டு மாதமாக ரெண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் மாறவில்லை, அன்றைக்கு என்னவோ இன்றைக்கும் அதுவேதான். இப்போது ஒரு தட்டுத் தட்டினால் போதும், அது பூஜ்யமாகிவிடும், கீ என்று கத்தும், ஸ்டூலும் செருப்பும் கண்ணாடியும் அந்தந்த வீட்டில் அப்படியே இருக்கும். அவள் விரல் பட்டனுக்கு மேல் போய் நின்றது. கதவுப் பக்கம் பார்த்தாள். பூவாத்தா ஸ்டூலை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்கு தெரியும், அவள் வீட்டுக்காரருக்கு விழுந்தது மைனஸ் ஒன்று, அறுபத்தொன்றில் ஒன்று போனால் அறுபது, எண் அதற்குக் கீழே போனால் அவர் இல்லை.

துளசிமணி விரலை எடுத்தாள்.

"ஏனுங்க," என்றாள். ஆறு வருசம் கழித்து வந்த குரல் கரகரவென்று யாரோடதோமாதிரி இருந்தது. "போகாதீங்க."

60.4.

அங்கமுத்து சுவரைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்தார். எண் அங்கேயே நின்றது. இன்னும் நேரம் இருந்தது, இப்போது தட்டினாலும் மாரண்ணன் மிஞ்சுவார். அவள் தட்டவில்லை.

"அன்னிக்கு மீட்டரு சூடாகறதுக்குள்ள பாத்துட்டேனுங்க," என்றாள். "ரத்தினம் அவசரப்படுத்துனான். சுவிட்சுப் போட்டு அஞ்சு நிமிசங்கூட ஆகலை. ஓகேன்னு எழுதிட்டேன். நாந்தானுங்க."

"துளசி, நாலாவது ஸ்லாட்டுல பேப்பரு கிழிஞ்சிருந்துச்சு," என்றார் அங்கமுத்து. "தெரிஞ்சேதான் கட்டுனேன். பிரிச்சுக் கட்டறதுக்குச் சோம்பல் பட்டுட்டேன். நீ சொல்லுவே சொல்லுவேன்னு இருந்தேன். எனக்குச் சொல்ல வாய் வரலை."

59.8. எண் அதற்கப்புறம் நிற்கவில்லை, ஐம்பத்தெட்டைத் தாண்டும்போது அங்கமுத்துவின் சட்டைப்பையில் இருந்த டெஸ்டர் ஒரு தடவை மினுக்கென்று எரிந்து அணைந்தது. அவர் பையின்மேல் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். ஷெட்டுக்குள் இருந்த குளிர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது, நெரிசல் கலைந்து ஒவ்வொருத்தராக வெளியேறுகிறமாதிரி சீட்டுகளெல்லாம் ஸ்டேட்டர்களின் கழுத்தில் ஆடின.

வாசலில் நின்றவர்கள் உள்ளே முண்டினார்கள். என்ன ஆச்சு, ஏன் கத்தலை, எங்க ஆளுக்குப் பாக்கோணுமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பூவாத்தா வாசற்படிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மீட்டரு இன்னும் சூடாகலையாமா. எல்லாரும் ஊட்டுக்குப் போங்க, அவிங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கறாங்க," என்றாள்.

சொல்லிவிட்டு ஸ்டூலை வாசற்படிக்குக் குறுக்கே போட்டாள். முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். மூணு வருசமாக யாரையும் உட்கார விடாத அந்த ஸ்டூலில், உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு, தானே உட்கார்ந்துகொண்டாள்.